பயிருக்கு மேலே எஞ்சின் நின்றால்

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் ஓல்னி நகரில் தயாராகும் ஏர் டிராக்டர் 502, பயிருக்கு மருந்து தெளிக்கும் விமானம்; அதற்கு ஒரே ஓர் எஞ்சின்தான். மருந்துத் தொட்டி ஏறத்தாழ 1,900 லிட்டர் கொள்ளும். தெளிக்கும்போது பயிர் நுனிக்கு மேலே மூன்று, நான்கு மீட்டர் உயரத்தில், மணிக்கு சுமார் 220 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். அங்கே எஞ்சின் நின்றால் கையில் உயரம் இல்லை; வேகம் மட்டும் இருக்கிறது.

அந்த வேகத்தை உயரமாக மாற்றலாம். மூக்கை மேலே தூக்கி வேகத்தை 145 கிலோமீட்டருக்குக் குறைத்தால், காற்றுத் தடையே இல்லாத கணக்கில் 100 மீட்டருக்குச் சற்று அதிகமாக ஏற முடியும். தெளிப்புக் குழாய்களும் உள்ளிழுக்க முடியாத சக்கரங்களும் அதில் கணிசமான பங்கைத் தின்றுவிடும். மிஞ்சுவது, இறங்க இடம் பார்க்கச் சில நொடிகள்.

எஞ்சின் ஏன் நிற்கிறது? பைப்பர் பானி போன்ற பழைய பிஸ்டன் விமானங்களில், எரிபொருளைக் காற்றோடு கலக்கும் கார்பரேட்டரில் பனி படியும். எரிபொருள் ஆவியாகும்போது காற்று சட்டென்று குளிர்வதால், வெயில் நாளிலும் ஈரப்பதம் இருந்தால் இது நேரலாம். ஏர் டிராக்டரில் இருப்பது பிடி6 என்ற டர்பைன் எஞ்சின். அதன் நோய் வேறு. எஞ்சினின் கம்ப்ரஸர் அழுத்திய காற்றின் ஒரு சிறு பங்கு மெல்லிய குழாய் ஒன்றின் வழியே எரிபொருள் கட்டுப்பாட்டுக் கருவிக்குப் போகிறது. அதன் அழுத்தத்தைப் பார்த்துத்தான் கருவி எரிபொருளை அளந்து விடுகிறது. குழாயில் விரிசல் விட்டு அழுத்தம் போய்விட்டால், எஞ்சினுக்குக் குறைந்த எரிபொருளே போதும் என்று கருவி முடிவு கட்டிவிடும். எஞ்சினுக்குள் எதுவும் உடைந்திருக்காது. அணைந்திருக்கவும் செய்யாது. ஆனால் பறக்கப் போதுமான சக்தியும் தராது.

காரணத்தை ஆராய அப்போது நேரமில்லை. செய்ய வேண்டிய அவசர வேலை, தொட்டியின் அடிக்கதவைத் திறந்து மருந்தைக் கொட்டுவது. விலை உயர்ந்த மருந்தாயிற்றே என்று தயங்குபவருக்கு ஒரு கணக்கு: விமானத்தின் எடை பாதியானால், இறக்கை தாங்கும் திறனை இழக்கும் வேகமும் ஏறத்தாழ 30 சதவீதம் குறைகிறது. அந்தக் குறைந்த வேகத்தில் தரையைத் தொட்டால் மோதலின் ஆற்றல் கால் பங்குதான். கொட்டும்போது மூக்கு தானாக மேலே எம்பும் என்பதால் கட்டுப்பாட்டுக் கோலை முன்னே தள்ளிப் பிடிக்க வேண்டும். நெரிசலான குடியிருப்புக்கு மேல் தெளிக்கும் ஒற்றை எஞ்சின் விமானம், அனுமதிக்கப்பட்ட அதிகபட்சச் சுமையில் பாதியை 45 நொடிக்குள் கொட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி.

சக்தியில்லாமல் காற்றில் சுழலும் புரொப்பெல்லர் பெரும் தடை. பிடி6 எஞ்சினில் அதன் அலகுகளை எண்ணெய் அழுத்தம்தான் பிடித்து வைத்திருக்கிறது. அழுத்தத்தை விட்டால் ஸ்பிரிங்குகளும் எடைகளும் அலகுகளின் விளிம்பைக் காற்றுக்கு எதிரே திருப்பிவிடும். தடை வெகுவாகக் குறையும்.

ஓடுபாதைக்குத் திரும்பும் ஆசைதான் ஆபத்தானது. 60 பாகை சாய்ந்து திரும்பினால், இறக்கை கைவிடும் வேகம் 41 சதவீதம் கூடுகிறது. ஆகவே நேராக முன்னே, முடிந்தால் பயிர் வரிசையோடு இறங்குவதே வழி.

மணிக்கு 108 கிலோமீட்டரில் தரை தொடும் விமானம் 15 மீட்டரில் நின்றால் விமானி மீது சராசரியாக ஈர்ப்பு விசையைப் போல மூன்று மடங்கு விசை விழும்; இடுப்பு, தோள் வார்கள் அதைத் தாங்கும். ஒரு மீட்டரில் நின்றால் 46 மடங்கு. 1950இல் டெக்சஸில் ஃப்ரெட் வைக் வடிவமைத்த ஏஜி-1 என்ற விவசாய விமானம், நிற்பதற்கான இந்தத் தூரத்தைத் தன் உடலுக்குள்ளேயே தேடியது. எஞ்சினும் தொட்டியும் முன்னால், விமானி பின்னால் உயரத்தில். மோதினால் முதலில் நசுங்குவது முன்பகுதி. இன்றைய விவசாய விமானங்களின் அந்த நீண்ட மூக்கும், கூன் விழுந்தது போன்ற முதுகும் அங்கிருந்து வந்தவைதான்.