அறிக்கையில் ‘சூடோமோனாஸ்’ என்று மட்டும் இருந்தால்

சில மழைக்காலங்களுக்கு முன், சர்க்கரை நோயுள்ள விவசாயி ஒருவரின் தொடைக் கட்டியிலிருந்து எடுத்த சீழ் எங்கள் ஆய்வகத்துக்கு வந்தது. வேறோர் இடத்தில் பெற்ற கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) அறிக்கையையும் உடன் கொண்டுவந்திருந்தார்கள். அதில் ‘சூடோமோனாஸ் வகை’ என்ற பாக்டீரியாப் பேரினப் பெயருக்கு மேல் ஒன்றுமில்லை. கிருமி வளர்க்கும் எங்கள் தட்டில் மூன்றாம் நாள் தோல் சுருங்கியதுபோல் மடிப்பு விழுந்த திட்டுகள் தெரிந்தன. கிருமி ஜென்டாமைசின், கொலிஸ்டின் என்னும் ஆன்டிபயாடிக் மருந்துகளுக்குக் கட்டுப்படவில்லை; அமாக்சிசிலின்-கிளாவுலனேட்டுக்குக் கட்டுப்பட்டது. இம்மூன்றும் சேர்ந்தால் பர்கோல்டேரியா சூடோமல்லை என்று சந்தேகித்தே ஆகவேண்டும். மண்ணிலும் நீரிலுமிருந்து தொற்றும் மெலியாய்டோசிஸ் என்னும் நோயை உண்டாக்கும் பாக்டீரியா இதுதான்.

பர்மாவின் இரங்கூனில் மருத்துவர்கள் விட்மோரும் கிருஷ்ணசாமியும் 1912இல் இந்நோயை முதன்முதலில் விவரித்தார்கள். குதிரைகளுக்கு வரும் கிளாண்டர்ஸ் நோயின் கிருமியாகிய மல்லையை ஒத்திருந்ததால், ‘போலி மல்லை’ என்ற பொருளில் சூடோமல்லை என்ற பெயர் அமைந்தது. சிற்றினப் பெயர் நிலைத்துவிட்டது. பேரினப் பெயரோ பாசில்லஸ், சூடோமோனாஸ் எனப் பலமுறை மாறியது. 1992இல் ஜப்பானின் யாபுச்சி குழுவினர் ரைபோசோம் ஆர்.என்.ஏ. வரிசை, டி.என்.ஏ. ஒப்புமை, உயிரணுக் கொழுப்பு ஆகியவற்றை ஆராய்ந்து, சூடோமோனாஸிலிருந்து ஏழு சிற்றினங்களைப் பிரித்துப் பர்கோல்டேரியா என்ற புதிய பேரினத்தில் வைத்தனர். 1950இல் வெங்காய அழுகல் நோய்க்குக் காரணமான செபாசியா என்ற பாக்டீரியாவை விவரித்த அமெரிக்கத் தாவர நோயியலாளர் வால்டர் பர்கோல்டரின் பெயரே அதற்கு இடப்பட்டது. வெங்காயத்துக்கும் ரத்தக் கல்ச்சருக்கும் என்ன உறவு என்று பயிற்சி மாணவர்கள் ஆண்டுதோறும் கேட்பார்கள், நியாயமான கேள்விதான். 2014இல் இப்பேரினமும் பிளவுபட்டு, பெரும்பாலும் மண்ணிலும் செடிகளிலும் வாழ்பவை பாராபர்கோல்டேரியா ஆயின.

இது வெறும் பெயர்ப் பலகை மாற்றமன்று. சூடோமோனாஸ் என்று எழுதினால் மருத்துவர் அதற்குரிய மருந்தையே தேர்வார். மெலியாய்டோசிஸுக்கோ செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனம் ஊசி குறைந்தது பத்து முதல் பதினான்கு நாள்கள் போட்டபின், கோ-ட்ரைமாக்சசோல் மாத்திரையை ஏறத்தாழ மூன்று மாதம் தரவேண்டும், இல்லையேல் நோய் திரும்பக்கூடும். தானியங்கிக் கருவிகள்கூடச் சிலவேளை இதைச் செபாசியா என்று காட்டிவிடுவதால், கருவி சொன்ன பெயரை நான் அப்படியே எழுதுவதில்லை.

மாதிரி அனுப்பும் மருத்துவர்களிடம் நான் வேண்டுவது ஒன்றே. நோயாளிக்குச் சர்க்கரை உண்டா, சேற்றிலும் வயலிலும் இறங்குபவரா, காய்ச்சல் மழைக்குப் பின் தொடங்கியதா என்பதைப் படிவத்தில் எழுதியனுப்புங்கள். அப்போதுதான் கிருமி எங்களைத் தொற்றாதபடி தட்டைப் பாதுகாப்புப் பெட்டகத்துக்குள் வைத்துத் திறப்போம். இரண்டாம் நாளே தூக்கி எறியாமல் காத்திருந்து பார்ப்போம்.