ராத்திரி மட்டும் ஏன் பக்கத்து பாய்லர் புகை நம்ம வீட்டுக்குள்ள வருது?

கோத்தகிரி பக்கத்துல இருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தாங்க. அவங்க வீட்டுக்கு மேல சரிவுல ஒரு ரிசார்ட், அதுக்குப் பின்னாடி தகரக் கொட்டகையில விறகு பாய்லர், ரூமுங்களுக்கு வெந்நீர் போறது அதுல இருந்துதான். "பகல்ல புகை எங்க போகுதுன்னே தெரியாதுங்க. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல ஆரம்பிச்சா விடியற வரைக்கும் வீட்டுக்குள்ள இருக்க முடியல, அம்மாவுக்கு வீசிங் வேற. கேட்டா, ராத்திரி நாங்க பாய்லர் கிட்டயே போறதில்லன்னு சத்தியம் பண்றாங்க. பொய் சொல்றாங்களா?"

பொய் இல்லைங்க. அவங்க கிட்ட போகாததுதான் பிரச்சனையில பாதி. மீதி பாதி மலையோட வேலை.

முதல்ல விறகு. விறகு எரியுதுன்னு சொல்றோமே தவிர பெரும்பாலும் எரியறது விறகுல இருந்து கிளம்பற வாயுதான். கட்டை சுமார் 250 டிகிரி தாண்டும்போது உள்ள இருக்கற செல்லுலோஸ், லிக்னின் எல்லாம் உடைஞ்சு ஆவியா வெளிய வருது, அந்த ஆவிக்கு போதுமான சூடும் (600 டிகிரிக்கு மேல வேணும்) போதுமான காத்தும் கிடைச்சா தீ நாக்கா எரிஞ்சு கார்பன் டை ஆக்ஸைடும் தண்ணியுமா போயிடும், கிடைக்கலன்னா அப்படியே வெளிய வந்து குளிர்ந்து குட்டிக் குட்டித் தார் துளியா மாறும். அதுதான் புகை. அதாவது புகைங்கறது எரியாம தப்பிச்ச விறகு, காசு போட்டு வாங்கின விறகு. சந்தேகம் இருந்தா ஒரு மெழுகுவர்த்திய ஊதி அணைச்சுட்டு, திரியில இருந்து எழும்புற வெள்ளைப் புகையில எரியற தீக்குச்சிய காட்டுங்க, தீ புகை வழியாவே கீழ ஓடிப் போய் திரியில பத்திக்கும்.

இப்ப பாய்லருக்கு வருவோம். இந்த மாதிரி வெளியில வைக்கற பாய்லர்ல தீ எரியற பெட்டியச் சுத்தி தண்ணி நிக்குது. தண்ணி 100 டிகிரிக்கு மேல போகாது, அதனால பெட்டியோட சுவரும் போகாது, ஆவி எரியறதுக்கு 600 வேணும், அது போய் மோதறதோ தொட்டா கை சுடற அளவுக்கு மட்டும் இருக்கற இரும்புச் சுவர்ல. அங்கேயே தார் படியும். இதாவது பரவாயில்ல. ராத்திரி எட்டரை மணிக்கெல்லாம் எல்லாரும் குளிச்சு முடிச்சுடறாங்க, தண்ணி சூடா நிக்குது, பாய்லர் பாத்துக்கற தம்பி தூங்கப் போகும்போது தடியா ரெண்டு கட்டைய உள்ள தள்ளி காத்து வர்ற வழிய மூடிட்டுப் போறார், காலைல வரைக்கும் தாங்கணும்ல. சிக்கனமாத்தான் தெரியும். ஆனா அந்த நிமிஷத்துல இருந்து அது தீ இல்ல, கணகணன்னு கனல், ஆவி வந்துட்டே இருக்கும் எரியவே எரியாது, கூடவே கார்பன் மோனாக்சைடும். (குளிருக்கு கரி அடுப்ப ரூமுக்குள்ள வச்சுட்டு தூங்கினவங்க காலைல எழுந்திருக்கவே இல்லன்னு ஊட்டி, கொடைக்கானல்ல இருந்து வர்ற செய்தியெல்லாம் இதே வாயுவாலதான்.)

இதுல நம்ம ஊர் விறகு வேற. வெட்டி இறக்கின சீகையும் கற்பூர மரமும் எடையில கிட்டத்தட்ட பாதி தண்ணி, ஒரு வருஷமாவது கூரைக்குக் கீழ காயணும், நீலகிரியில தென்மேற்கும் வடகிழக்கும் மாத்தி மாத்தி நனைக்கும்போது யார் காய வைக்கறாங்க? ஈரக் கட்டைய போட்டா தீ முதல்ல அந்தத் தண்ணிய கொதிக்க வச்சு அனுப்பணும், அது முடியற வரைக்கும் சூடே ஏறாது. இன்னொண்ணு, கற்பூர மரப் புகை சளிக்கு நல்லதுன்னு இன்னமும் சொல்லிட்டுத் திரியறாங்க. தைலம் எடுக்கறது இலையில இருந்து, அதுவும் நீராவியில காய்ச்சி வடிச்சு. கட்டையில இருந்து வர்ற புகையில பென்சீன், ஃபார்மால்டிஹைடு, பென்சோபைரீன்னு சிகரெட் புகையில இருக்கற அதே கூட்டம்தான் இருக்கு. இயற்கைன்னா நல்லதுன்னு யார்தான் இவங்களுக்கு சொல்லிக் குடுத்தாங்களோ.

சரி, இனி எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். பகல்ல வெயில் விழுந்து சரிவு சூடாகுது, சரிவ ஒட்டின காத்தும் சூடாகி மலைய தடவிட்டே மேல ஏறுது. மதியத்துக்கு மேல கேத்தி பள்ளத்தாக்குல நின்னா கீழ இருந்து மேகம் மேல ஏறி வர்றத பாக்கலாம், அதே காத்துதான். ரிசார்ட் புகையும் அது கூடவே மேல போயிடும், கீழ இருக்கற உங்களுக்கு தெரியவே தெரியாது, மேல குடியிருக்கறவங்கள கேட்டா வேற கதை சொல்லுவாங்க.

சூரியன் இறங்கினதும் எல்லாம் தலைகீழ். தரை தன்னோட சூட்ட அகச்சிவப்புக் கதிரா வானத்துக்கு அனுப்ப ஆரம்பிக்குது. கீழ கோயம்புத்தூர்லயும் இதேதான் நடக்குது, ஆனா அங்க காத்து கனமா ஈரமா இருக்கு, அந்த ஈரம் கதிர்ல ஒரு பங்க பிடிச்சு திருப்பி அனுப்பிடும். ஊட்டி 2240 மீட்டர், நம்ம தலைக்கு மேல காத்தே நாலுல மூணு பங்குதான், டிசம்பர் ஜனவரியில அதுவும் காஞ்சு போய் மேகமில்லாம இருக்கும், போற சூட்ட பிடிச்சு நிறுத்த ஆளில்ல. புல்லு சட்டுன்னு குளிருது, புல்ல ஒட்டின காத்து குளிருது, குளிர்ந்த காத்து கனம். கனமானது என்ன பண்ணும், தண்ணி மாதிரி சரிவுல வழிஞ்சு இறங்கும், மெதுவா, மூஞ்சியில கூட உணர முடியாத வேகத்துல, ஓடை போற அதே பள்ளம் வழியா. போய் அடியில தேங்கி நிக்கும். ஊட்டி பக்கத்துல தாழ்வா இருக்கற தலைக்குந்தாவும் காந்தலும் வெள்ளையா உறைஞ்சு கிடக்கறதும், ஒரே எஸ்டேட்ல தாழ்வான இடத்துத் தேயிலை முதல்ல கருகி மேல் சரிவுல இருக்கறது தப்பிக்கறதும் இதனாலதான். தாவரவியல் பூங்காவுல நாத்துங்களுக்கு மேல கோத்தகிரி மலார்ங்கற செடிய போட்டு மூடுவாங்களே, அது குளிர் காத்த தடுக்கறதுக்குன்னு நினைக்கறோம், முக்கியமா அது செடிக்கும் வானத்துக்கும் நடுவுல ஒரு மறைப்பு, செடியோட சூடு வானத்துக்கு ஓடாம இருக்கறதுக்கு.

இப்ப புகைய கவனிங்க. வழக்கமா மேல போகப் போக காத்து குளிரும், தொட்டபெட்டா 2637 மீட்டர், ஊட்டிய விட பகல்ல ரெண்டு மூணு டிகிரி குறைவாதான் இருக்கும். சிம்னியில இருந்து வர்ற புகையும் ஏற ஏற விரிஞ்சு, 100 மீட்டருக்கு ஒரு டிகிரி கணக்குல குளிரும், ஆனா சுத்தி இருக்கற காத்தும் குளிர்ந்துட்டே போறதால புகை எப்பவும் கொஞ்சம் சூடா, லேசா இருந்து ஏறிட்டே இருக்கும். தெளிவான குளிர்கால ராத்திரியில அடியில குளிரும் மேல சூடுமா மாறிடுது. புகை ஏறும்போது தான் குளிருது, சுத்தி இருக்கறது சூடாகுது, கொஞ்ச உயரத்துலயே ரெண்டும் சமம். அவ்வளவுதான், அதுக்கு மேல ஏற எந்தக் காரணமும் இல்ல. விடியக்காலை கேத்தி, எல்லநள்ளி பக்கம் ரோட்டோரம் நின்னு கீழ பாத்தா இது அப்படியே தெரியும், சிம்னி புகை கோடு போட்ட மாதிரி நேரா எழும்பும், ஒரு உயரத்துல சடார்னு மடங்கி படுத்துக்கும், பக்கத்து வீட்டு அடுப்புப் புகையும் அதே உயரத்துல அதே மட்டத்துல படுத்திருக்கும், அந்த உயரத்துல தடுக்கறதுக்கு கண்ணுக்குத் தெரியற எதுவுமே இருக்காது. எத்தனை தடவை பாத்தாலும் எனக்கு அலுக்காத காட்சி இது. மேல இருக்கற சூடான காத்துதான் மூடி மாதிரி புகைய அமுக்கி வைக்குது. இதுக்கு பேர் வெப்பநிலை தலைகீழ் மாற்றம், ஸ்கூல் புத்தகத்துல ரெண்டு வரியில முடிச்சிருப்பாங்க.

உங்க ரிசார்ட்ல கனல் புகை, அதுல சூடே கம்மி, சிம்னியும் கூரைக்கு மேல எட்டிப் பாக்காத குட்டைக் குழாய். அதனால அது வழிஞ்சு இறங்கற குளிர் காத்துக்குள்ளயே மாட்டி, நேரா சரிவுல உங்க ஜன்னலுக்கு வருது. காத்து இறங்கற பாதையில உங்க வீடு. புகைத் துகளும் தானா கீழ படியாது, ஒரு மைக்ரான் (மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) துகள் நிக்கற காத்துல ஒரு மணி நேரத்துக்கு ஒரு சாண் கூட இறங்காது. விடிஞ்சு வெயில் வந்தா உடனே சரியாகும்னும் நினைக்காதீங்க. தரை சூடாகி கீழ இருந்து காத்து கலக்க ஆரம்பிக்கும்போது மேல படுத்திருந்த புகையும் கிளறி கீழ வரும், சரியா பிள்ளைங்க ஸ்கூலுக்கு கிளம்பற நேரத்துல.

இது சும்மா எரிச்சல் விஷயம் இல்ல. 1948 அக்டோபர் கடைசியில அமெரிக்காவுல டொனோரான்னு ஒரு பள்ளத்தாக்கு ஊர்ல இதே மூடி சில நாள் திறக்கவே இல்ல, துத்தநாக ஆலைப் புகை அடியில தேங்கி 20 பேர் செத்தாங்க. நம்ம விறகுப் புகை அந்த அளவு விஷம் இல்லதான், ஆனா மூடி அதே மூடி.

சட்டம் என்ன சொல்லுது? அமெரிக்காவுல இந்த வெளிப்புற பாய்லருக்குன்னே தனி விதி இருக்கு. வெர்மான்ட் மாநிலம் 1997லயே பக்கத்து வீட்டுல இருந்து 200 அடி தள்ளி வைக்கணும்னு சொல்லிடுச்சு, நியூயார்க்ல சிம்னி குறைஞ்சது 18 அடி, 2015ல அமெரிக்க மத்திய அரசு புகை அளவுக்கே வரம்பு போட்டுச்சு. நமக்கு 1981 காற்று மாசு தடுப்புச் சட்டம் இருக்கு, பிஎம் 2.5க்கு, அதாவது 2.5 மைக்ரானும் அதுக்குக் கீழயும் இருக்கற துகளுக்கு, 24 மணி நேர வரம்பு ஒரு கன மீட்டர் காத்துல 60 மைக்ரோகிராம் (உலக சுகாதார நிறுவனம் சொல்றது 15). குப்பை எரிக்கக் கூடாதுன்னு 2016லயே தெளிவா விதி போட்டாங்க. 1860லயே, காத்த கெடுத்தா 500 ரூபா வரை அபராதம்னு தண்டனைச் சட்டம் 278ஆம் பிரிவுல எழுதி வச்சிருந்தாங்க, அன்னைக்கு 500 ரூபா பெரிய பணம், அதே 500தான் நம்ம காலம் வரைக்கும் ஓடுச்சு.

என்னோட கருத்து, அடிக் கணக்கு மலைக்கு ஒத்து வராது. சரிவுல 200 அடி மேல இருக்கற பாய்லர் ராத்திரியில பக்கத்துல 50 அடி கீழ இருக்கற பாய்லர விட மோசம். இங்க விதி போடணும்னா மணி பாத்து போடணும்: சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல விறகு போடக் கூடாது, காத்த மூடி கனல வைக்கக் கூடாது. மதியம் காத்து மேல போகும்போது காஞ்ச விறக தாராளமா காத்து விட்டு கொழுந்து விட்டு எரிச்சு, வந்த சூட்ட நல்லா உறை போட்ட பெரிய டேங்குல சேத்து வச்சா ராத்திரிக்கும் காலைக்கும் அதுவே போதும். விறகும் மிச்சம். வண்டி எண்ணறதுக்கு 2024ல இ-பாஸ் கொண்டு வர முடிஞ்ச மாவட்டத்துல, பள்ளத்துல ஒண்ணும் மேட்டுல ஒண்ணுமா தெர்மாமீட்டரும் துகள் மானியும் வச்சு எந்த ராத்திரி மூடி விழும்னு முன்கூட்டியே சொல்றதுக்கு பெரிய பணம் ஒண்ணும் வேணாம், ராக்கெட் விடற நாட்டுல இதுக்கு ஆராய்ச்சி நிதி கேட்டாதான் ஏற இறங்க பாப்பாங்க. அப்புறம், எஸ்டேட் லைன் வீட்டுல சோறு பொங்கற அக்கா மேல இந்த விதிய திருப்பாதீங்க, சிலிண்டர் விலை குறைஞ்சா அந்த அடுப்பு தானா அணையும்.

வாசகருக்கு ஒண்ணு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கோ ஊராட்சிக்கோ மனு குடுக்கும்போது நேரத்த கட்டாயம் எழுதுங்க. ஆய்வுக்கு பதினொரு மணிக்கு ஜீப்புல வந்தாங்கன்னா புகை மேல போயிட்டிருக்கும், ஒரு குறையும் இல்லன்னு எழுதிட்டுப் போயிடுவாங்க. மேகமில்லாத நாளா பாத்து காலைல ஆறரைக்கு வரச் சொல்லுங்க, அவங்க வரலன்னா அந்த நேரத்துல நீங்களே வீடியோ எடுத்து மனுவோட சேத்துக் குடுங்க.