பட்டடை எலும்பு

நடுச்செவியில் மூன்று சிற்றெலும்புகள் உண்டு. லத்தீனில் மேலியஸ், இன்கஸ், ஸ்டேபிஸ்; தமிழில் சுத்தி எலும்பு, பட்டடை எலும்பு, அங்கவடி எலும்பு. நடுவில் இருப்பதைச் சிலர் ‘பட்டை எலும்பு’ என்று எழுதிவிடுகிறார்கள். ஓரெழுத்து விழுந்ததில் பொருளே போயிற்று. பட்டை மரத்தில் இருப்பதல்லவா?

இன்கஸ் என்பது கொல்லர் காய்ச்சிய இரும்பை மேலே வைத்து அடிக்கும் அடிதாங்கி. தமிழில் அது பட்டடை. மனம் ஒட்டாதவர் நட்பை ‘எறிதற்குப் பட்டடை’ என்கிறது குறள் (821). அரிவாள் அடிக்கக் கொடுத்துவிட்டு, “பட்டறைக்குப் போய்ட்டு வாரேன்” என்று நெல்லைப் பக்கம் சொல்கிறோமே, அந்தப் பட்டறையும் இந்தச் சொல்தான். அடிதாங்கியின் பெயர் கொட்டகைக்கே ஆகிவந்துவிட்டது.

பெயர் வடிவத்தைப் பார்த்து வைத்தது. வேலை வேறு. காதுக்குள் சுத்தி பட்டடையை அடிப்பதில்லை. மூட்டால் இணைந்து இரண்டும் சேர்ந்தே அசைகின்றன. ஒலி பட்டுச் செவிப்பறை அதிர, அதில் ஒட்டிய சுத்தி அசைந்து, பட்டடை வழியாக அங்கவடியைத் தள்ளும். அங்கவடி உட்செவியின் நீள்வட்ட வாசலில் அழுந்தும்.

எதற்கு இந்தச் சுற்றுவழி? தாமிரபரணியில் முங்கிக் கிடக்கிறவனைக் கரையில் நின்று “ஏல” என்று கூப்பிட்டுப் பாருங்கள், காதில் விழாது. காற்றில் வரும் ஒலி நீரில் பட்டால் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே இறங்கும், மற்றது திரும்பிவிடும். உட்செவிக்குள்ளும் நிறைந்திருப்பது திரவமே. செவிப்பறையின் அதிரும் பரப்பு அந்த வாசலைப்போல் சுமார் 17 மடங்கு. அகலத்தில் வாங்கிய விசை சிறு வாசலில் இறங்குவதால் அழுத்தம் ஏறுகிறது. சுத்தியும் பட்டடையும் நெம்புகோலாகி 1.3 மடங்கு கூட்ட, மொத்தம் 22 மடங்கு வரை.

அங்கவடி, குதிரையேறுபவர் பாதம் வைக்கும் வளையம். குதிரையைச் சாஸ்தா கோயிலில் மண்ணாகவே பார்த்த நமக்கு அது தூரத்துச் சொல். பண்டை ரோமரிடமும் அங்கவடி கிடையாது. ஸ்டேபிஸ் பிற்கால லத்தீன். எலும்போ 3 மி.மீ. அளவு, உடம்பிலேயே சிறியது.

நடுக்காது என்பாரும் உண்டு. ஆச்சிமார் பாம்படம் போட்டது காதில். கேள்விக்குச் செவிதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. பட்டடையைப் பட்டறை எலும்பு என்று எழுதினாலும் ஒப்புக்கொள்வேன். பட்டை மட்டும் வேண்டாம்.