நவீன ஓவியம் சின்ன வயது ஞாபகத்தைக் கிளறுவது எப்படி?

வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: “கண்காட்சியில் ஒரு பெரிய ஓவியம். மேலே மங்கிய மஞ்சள், கீழே ஒரு பழுப்புப் பட்டை, அவ்வளவுதான். அதன் முன் நின்றிருந்தபோது, ஐந்து வயதில் காய்ச்சலோடு படுத்திருந்த ஒரு மத்தியானம் அப்படியே திரும்பி வந்தது. திரைச்சீலை வழியே வந்த வெளிச்சம், அம்மாவின் கை, மருந்தின் கசப்பு எல்லாமே. வீட்டு ஆல்பத்தைப் புரட்டும்போது இப்படி நடப்பதில்லையே, ஏன்?”

அருமையான கேள்வி. ஒரு ஞாபகம் மூளையில் ஒரே இடத்தில் இருப்பதில்லை. பார்த்தது ஓரிடத்தில், கேட்டது வேறிடத்தில், அன்றைய பயமும் சந்தோஷமும் இன்னோரிடத்தில். இவற்றை ஒரே நிகழ்வாகக் கட்டிவைப்பது ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதி. 1953இல் வலிப்பு நோய்க்காக இருபக்க ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியையும் அகற்றிய பிறகு, ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கரால் புதிய நிகழ்வு எதையும் மனதில் நிறுத்த முடியாமல் போனது. இதுவரை பலருக்கும் தெரிந்த கதைதான்.

என்னை மயக்குவது ஹிப்போகாம்பஸுக்குள் இருக்கும் சிஏ3 என்ற சின்னப் பகுதி. இங்குள்ள நியூரான்கள், அதாவது நரம்பு செல்கள், செய்தியை அடுத்த பகுதிக்கு அனுப்புவதோடு நிற்பதில்லை, தங்களுக்குள்ளேயே ஏராளமாகப் பின்னிக்கொள்கின்றன. எலியின் சிஏ3 நியூரான் ஒன்று, மற்ற சிஏ3 நியூரான்களிடமிருந்து மட்டும் ஏறத்தாழ 12,000 இணைப்புகளைப் பெறுகிறது. ஒரு நிகழ்வின்போது இவற்றில் ஒரு கூட்டம் சேர்ந்து துடிக்கும். சேர்ந்து துடித்தவற்றுக்கு இடையிலான இணைப்புகள் வலுப்படும். சரி, பல வருடம் கழித்து அந்தக் கூட்டத்தில் சிலதை மட்டும் ஏதோ ஒன்று எழுப்பிவிட்டால்? அவை வலுவான இணைப்புகள் வழியாக அடுத்தவற்றை எழுப்பும், அவை இன்னும் சிலவற்றை. யாரோ பாட்டின் முதல் அடியை முணுமுணுக்க, கூடியிருப்பவர்கள் மிச்சத்தைப் பாடி முடிப்பதுபோல, துண்டிலிருந்து முழு நிகழ்வும் எழுந்துவிடும்.

இப்படித்தான் நடக்க வேண்டும் என்று 1971இல் எழுதியவர் டேவிட் மார் என்ற மூளை ஆய்வாளர். அப்போது அவருக்கு வயது 26. கையில் இருந்தது கணிதம் மட்டுமே. 1980இல், 35 வயதில் ரத்தப் புற்றுநோயால் இறந்துபோனார். 2002இல் விஞ்ஞானி சுசுமு தோனெகாவாவின் குழு இதைச் சுண்டெலிகளிடம் சோதித்தது. சிஏ3இல் மட்டும் இணைப்புகளை வலுப்படுத்த உதவும் ஒரு ஏற்பியை (நரம்பு செல்லில் செய்தியை வாங்கும் புரதத்தை) மரபணு வழியாக நீக்கினார்கள். கலங்கிய நீர்த்தொட்டி, நீருக்கடியில் மறைந்த ஒரு மேடை, சுற்றிலும் நான்கு அடையாளங்கள். நான்கும் இருந்தவரை இந்தச் சுண்டெலிகளும் மற்றவற்றைப் போலவே மேடையைக் கண்டுபிடித்தன. மூன்றை எடுத்துவிட்டு ஒன்றை மட்டும் விட்டபோது, சாதாரணச் சுண்டெலிகள் சமாளித்தன, இவை தடுமாறின. ஞாபகம் உள்ளே பத்திரமாக இருந்தது. துண்டைக் கொண்டு முழுசை எழுப்பும் திறன்தான் போயிருந்தது! எப்போது படித்தாலும் எனக்குச் சிலிர்க்கும் சோதனை இது. ஒரு கணிதக் கட்டுரைக்கு ஆய்வகம் பதில் சொல்ல 31 வருடம் ஆகியிருக்கிறது. உடனடிப் பயன் என்னவென்று கேட்டுவிட்டுத்தான் அடிப்படை ஆய்வுக்குப் பணம் தருவோம் என்பவர்கள் இந்த இடைவெளியை யோசித்துப் பார்க்க வேண்டும்.

அப்புறம், ஆல்பம் ஏன் வேலை செய்வதில்லை? ஒரே தூண்டுதல் நிறைய ஞாபகங்களோடு கட்டப்பட்டிருந்தால் அதன் பலம் குறைந்துவிடும். அடிக்கடி புரட்டிய புகைப்படம், முன்பு அதைப் புரட்டிய நாட்களோடும் அதைப் பற்றிச் சொல்லக் கேட்ட கதைகளோடும் ஒட்டிப்போயிருக்கும். அதோடு, இது வீடு, இவர் மாமா என்று அடையாளம் கண்டதும் பார்ப்பது முடிந்துவிடுகிறது. உருவமில்லாத ஓவியத்தில் அடையாளம் காண எதுவும் இல்லை. நிறம், விளிம்பு, வெளிச்சம் என்று கண் அலைந்துகொண்டே இருக்கும். உருவமில்லா ஓவியங்கள் வரைந்த மார்க் ரோத்கோ மெல்லிய வண்ணப் பூச்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, விளிம்புகளை மங்கவிட்டார். பிரம்மாண்டமான அந்தக் கேன்வாஸ்களைக் கிட்டே நின்று பார்க்க வேண்டும் என்றும் விரும்பினார். கண்ணை நிறைக்கும் மஞ்சள் ஒரு குழந்தை பார்த்த ஜன்னல் வெளிச்சத்துக்கு எவ்வளவு நெருக்கம் என்று யோசியுங்கள். சிற்பி லூயிஸ் பூர்ஷுவா 1999இல் செய்த ராட்சதச் சிலந்தி 9 மீட்டருக்கும் உயரம். பழைய சித்திரத் திரைச்சீலைகளைச் செப்பனிட்ட தன் அம்மாவின் நினைவாகச் செய்தது. அதன் கால்களுக்கு நடுவே நின்று அண்ணாந்து பார்த்தால், பெரியவர்களை அண்ணாந்து பார்த்த பழைய கோணமே உடம்புக்குத் திரும்பக் கிடைக்கிறது. அந்தக் கோணமும் ஒரு தூண்டுதல்தான் என்பது என் எண்ணம்.

மனதை ஆழமாகத் தொடும் ஓவியம் இன்னொன்றும் செய்கிறது. நம்மைப் பற்றி யோசிக்கும்போதும் பழசை நினைக்கும்போதும் வேலைசெய்யும் ஒரு வலையமைப்பு மூளையில் உண்டு. வெளியே எதையாவது கவனிக்கும்போது அது பொதுவாக அடங்கியிருக்கும். 2012இல் 16 பேரை வைத்து நியூயார்க்கில் நடந்த ஸ்கேன் ஆய்வில், அவர்களே மிக உயர்ந்த மதிப்பெண் கொடுத்த ஓவியங்களுக்கு மட்டும் அந்த வலையமைப்பு உயிர்பெற்றது.

ஆனால் இட்டு நிரப்பும் மூளை, தப்பாகவும் நிரப்பும். அந்த மருந்தின் கசப்பு வேறொரு நாளுடையதாக இருக்கலாம். உளவியலாளர் எலிசபெத் லோஃப்டஸ் 1995இல் வெளியிட்ட ஆய்வில், சிறுவயதில் கடைவளாகத்தில் தொலைந்துபோனதாக ஒரு பொய்க் கதையை 24 பேரிடம் கொடுத்தபோது, சுமார் கால்வாசிப் பேர் அதை முழுதாகவோ பாதியாகவோ ‘நினைவுகூர்ந்தார்கள்’.

மூன்று வயதுக்கு முந்தைய ஞாபகமும் இப்படித் திரும்பி வருமா என்றும் சிலர் கேட்பதுண்டு. டொராண்டோவில் 2018இல், குட்டிப் பருவத்தில் பதிந்து மறந்துபோன பயத்தை, அதைச் சுமந்த நியூரான்களின்மீது ஒளி பாய்ச்சி, மூன்று மாதம் கழித்தும் சுண்டெலிகளிடம் எழுப்பிக் காட்டினார்கள். மரபணு மாற்றிய சுண்டெலிகளின் மூளைக்குள் ஒளியிழை செருகிச் செய்தது அது. தொட்டில் நாட்களை ஹிப்னாடிசத்தால் மீட்டுத் தருகிறேன் என்று மனிதர்களிடம் காசு வாங்குபவர்களிடம் அப்படி எந்தக் கருவியும் கிடையாது. லோஃப்டஸ் காட்டிய பொய் ஞாபகங்கள் முளைப்பதற்கு அந்த ஹிப்னாடிச அறைகளைவிடத் தோதான இடமும் கிடையாது.