காரம் என்றால் கடிப்பது

முகம் கழுவும்போது சோப்பு நுரை கண்ணுக்குள் போய்விட்டால் சட்டென்று வாயில் வருவது ‘கண் கரிக்குது’ என்ற சொல்தான். உப்பு மிகுந்த தண்ணீரை வாயில் வைத்தாலும் அதே வினைச்சொல்: ‘உப்புக் கரிக்குது.’ ஆனால் வேதியியல் வகுப்பில் அமிலத்தை நடுநிலையாக்கும் பொருளுக்குக் ‘காரம்’ என்று பெயர் என முதன்முதலாகக் கேட்கும் மாணவருக்கு இந்தக் கரிப்பு நினைவுக்கு வருவதில்லை. மிளகாய்தான் நினைவுக்கு வருகிறது. அன்று தொடங்கும் குழப்பம் பலருக்குப் பள்ளியை விட்டு வெளியே வந்த பிறகும் தீர்வதில்லை. எனக்கும் நெடுநாள் தீராமல் இருந்தது. தீர்ந்தது பாடநூலைப் பார்த்து அல்ல, அகராதியைப் பார்த்து.

கரித்தல், கார்த்தல் இரண்டும் ஒரே குடும்பத்துச் சொற்கள். கார்த்தல் என்ற வினைக்கு இரண்டு பொருள் உண்டு: உறைத்தல், மிகுதியாக உப்புக் கரித்தல். அறுசுவைகளுள் ஒன்றான கார்ப்பு இதிலிருந்து வந்ததே. தோலையோ கண்ணையோ நாக்கையோ சுள்ளென்று கடிப்பது எதுவோ அது கார்க்கும். அந்தக் கடியை அடிப்படையாக வைத்துப் பார்த்தால், சோப்பு நுரையும் மிளகாயும் ஒரே சொல்லின் கீழ் எப்படி வந்து சேர்ந்தன என்பது விளங்கிவிடும்.

கடி ஒன்றுபோலத் தோன்றினாலும் காரணம் வேறு. மிளகாயில் இருக்கும் காப்சைசின் நம் நரம்புமுனையில் வெப்பத்தை உணரும் ஏற்பியைத் தூண்டிவிடுகிறது. சூடே இல்லாமல் சுட்டதுபோல் தோன்றுவது அதனால்தான். வேதியியல் காரம் பட்டால் சிவப்பு லிட்மஸ் தாள் நீலமாகும்; மிளகாய்ச் சாற்றில் அதை நனைத்துப் பாருங்கள், மாறாது. சோப்பு நுரையின் கதை அப்படி இல்லை. அமிலத்தன்மையையும் காரத்தன்மையையும் காட்டும் எண் பிஎச்; 7 என்றால் நடுநிலை, அதற்கு மேலே ஏற ஏறக் காரம். கண்ணீரின் பிஎச் மதிப்பு ஏறக்குறைய 7.4. சோப்பு நுரைக்கு அது 9, 10 என்று இருக்கும். அந்த வேறுபாடுதான் கண்ணைக் கடிக்கிறது. ஈழத்துப் பேச்சில் மிளகாய்ச் சுவையை ‘உறைப்பு’ என்பார்கள். அதனால் அங்கே படிக்கும் பிள்ளைக்கு இந்தக் குழப்பம் அவ்வளவாக வராது.

சரி, வேதியியலுக்கு இந்தச் சொல் எப்படி வந்தது? இங்கே இரண்டு ஓடைகள் கலக்கின்றன. ஒன்று மேலே சொன்ன கார்த்தல். இன்னொன்று ‘க்ஷார’ என்ற வடசொல். செடிகொடிகளை எரித்த சாம்பலிலிருந்து எடுக்கும் அரிக்கும் பொருளுக்கு அதுதான் பெயர். சுசுருதரின் பெயரில் வழங்கும் மருத்துவ நூலில் அதைத் தயாரிக்கும் முறையே இருக்கிறது: தாவரச் சாம்பலை நீரில் கரைத்து வடிகட்டி, சுட்ட சுண்ணாம்பைச் சேர்த்துக் காய்ச்ச வேண்டும். இன்றைய மொழியில் சொன்னால், சாம்பலில் உள்ள பொட்டாசியம் கார்பனேட்டு சுண்ணாம்போடு வினைபுரிந்து பொட்டாசியம் ஹைட்ராக்சைடாக மாறுகிறது. கட்டியையும் தேவையற்ற சதையையும் கத்தியில்லாமல் அரித்து எடுக்க அது பயன்பட்டது. அகராதிகள் பலவும் வேதியியல் பொருளில் வரும் காரத்தை இந்த வடசொல்லோடுதான் இணைக்கின்றன. எனக்கு இதில் சண்டை போட ஒன்றும் இல்லை. வந்த சொல் தன்னைப்போலவே ஒலிக்கிற, தன்னைப்போலவே பொருள் தருகிற ஒரு தமிழ்ச் சொல்லை இங்கே கண்டது. இரண்டும் ஒன்றாகிப் போயின.

சாம்பலில் தொடங்கிய கதை தமிழுக்கும் வடமொழிக்கும் மட்டும் உரியதல்ல. காரத்தைக் குறிக்கும் அல்கலி என்ற உலகச் சொல் அரபு மொழியின் ‘அல்-கலி’ என்பதிலிருந்து வந்தது. உவர்நிலச் செடிகளை எரித்த சாம்பலைக் குறிப்பது. பொட்டாஷ் என்பதும் பானையில் காய்ச்சிய சாம்பல்தான். 1807-இல் ஆங்கிலேய வேதியியலர் ஹம்ப்ரி டேவி உருக்கிய எரிபொட்டாஷுக்குள் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) மின்சாரத்தைச் செலுத்தி ஒரு புதிய உலோகத்தைப் பிரித்தார். அதற்குப் பொட்டாசியம் என்று பெயர் வைத்தார். அதன் குறியீடான ‘கே’ லத்தீன் வடிவமான கேலியத்தின் முதலெழுத்து. கேலியத்துக்கு வேர் அதே அரபுச் சொல். சில நாட்களிலேயே எரிசோடாவிலிருந்து (சோடியம் ஹைட்ராக்சைடு) சோடியத்தையும் எடுத்துவிட்டார். ஆக, உலோகம் கிடைப்பதற்கு முன்பே காரம் இருந்தது. ‘கார உலோகங்கள்’ என்ற பெயரை இப்படித்தான் படிக்க வேண்டும்: காரத்திலிருந்து பிறந்து, தண்ணீரைத் தொட்டதும் மறுபடி காரமாகிற உலோகங்கள்.

அது தண்ணீரைத் தொடும் காட்சியை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அகன்ற கண்ணாடித் தொட்டியில் தண்ணீர். அதில் சில துளி பினால்ப்தலீன், காரம் பட்டால் இளஞ்சிவப்பாகும் நிறங்காட்டி; இப்போது நிறம் இல்லை. மண்ணெண்ணெயிலிருந்து எடுத்துத் துடைத்த சோடியத்தில் அரிசியளவு ஒரு துண்டை ஆசிரியர் இடுக்கியால் போடுகிறார். அது மூழ்காது, தண்ணீரைவிட லேசானது. அடுத்த நொடி வினையின் வெப்பத்திலேயே உருகி, வெள்ளிமணி போல உருண்டு, ‘ஸ்ஸ்’ என்று ஹைட்ரஜனை விட்டுக்கொண்டு தண்ணீரின் மேல் அங்குமிங்கும் ஓடுகிறது. போன வழியெல்லாம் இளஞ்சிவப்பு வால். அந்த வால்தான் காரம், அப்போது பிறந்த சோடியம் ஹைட்ராக்சைடு. பொட்டாசியமாக இருந்தால் ஊதாச் சுடரோடு பற்றிக்கொள்ளும். செம்பைப் போட்டால் அடியில் போய்ச் சும்மா கிடக்கும். உலோகங்களின் வினைபடுதிறன் வரிசையை மனப்பாடம் செய்யச் சொல்வதற்கு முன் இதைக் காட்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பழைய தமிழ்ப் பெயர்களில் காரம் பல இடங்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் ஒட்டிய இடமெல்லாம் இன்றைய வேதியியல் பொருளில் காரம் அல்ல. வெண்காரம் என்பது போராக்ஸ். அதன் கரைசலின் பிஎச் 9-ஐத் தாண்டும், பெயருக்கு ஏற்ற குணம். இலங்கையில் சோப்புக்குச் சவர்க்காரம் என்று பெயர், அதுவும் பொருத்தம். படிகாரத்தை எடுத்துக்கொண்டால் கதை தலைகீழ். அது பொட்டாசியமும் அலுமினியமும் சேர்ந்த சல்பேட்டு உப்பு. நீரில் கரைத்தால் கிடைப்பது அமிலத்தன்மை உள்ள கரைசல். நீல லிட்மஸ் சிவக்கும்! பெயர் வைத்தவர்கள் தவறு செய்யவில்லை. அவர்களிடம் இருந்தது லிட்மஸ் அல்ல, நாக்கும் தோலும். சுருக்கென்று பிடிப்பதெல்லாம் அவர்களுக்குக் காரம். பெயரின் கடைசியில் காரம் இருக்கிறது என்பதற்காகத் தேர்வில் படிகாரத்தைக் காரம் என்று எழுதிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

இனி, உண்மையான சிக்கலுக்கு வருகிறேன். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அமிலத்தை நடுநிலையாக்கும் பொருள் எல்லாமே காரம். அவற்றுள் நீரில் கரைவது மட்டும் எரிகாரம். இலங்கைப் பாடநூல்களில் முதலாவது மூலம், இரண்டாவது காரம். அதாவது ஒரே சொல்லுக்குப் பாக் நீரிணையின் இரு கரையிலும் இரண்டு அகலம். இணையத்தில் இரண்டு நாட்டுக் குறிப்புகளையும் கலந்து படிக்கும் மாணவர் ‘எல்லாக் காரங்களும் நீரில் கரையும்’ என்ற வரியைப் பார்த்தால், அது எந்தக் கரையில் எழுதப்பட்டது என்று தெரிந்தால்தான் சரியா தவறா என்று சொல்ல முடியும்.

எது பொருத்தம் என்று கேட்டால், செம்பு ஆக்சைடை வைத்து விடை சொல்வேன். கன்னங்கரேல் என்ற தூள். தண்ணீரில் போட்டுக் கலக்கினால் கரையாமல் அடியில் தங்கும். சிவப்பு லிட்மஸை மாற்றாது. எரிசோடா விரலில் பட்டால் தோலின் கொழுப்பைச் சோப்பாக்கி வழவழவென்று ஆக்கிவிடும். இந்தத் தூளுக்கு அந்தக் குணம் கிடையாது. ஆனால் இளஞ்சூடான நீர்த்த கந்தக அமிலத்தில் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டுக் கலக்கினால் கருப்பு மெல்ல மறைந்து, கரைசல் தெளிந்த நீலமாகிறது. வடிகட்டி ஆறவிட்டால் நீலப் படிகங்கள் வளரும். அதுதான் மயில்துத்தம், செம்பின் உப்பு. அமிலம் போய்விட்டது, உப்பும் நீரும் வந்துவிட்டன. எனவே செம்பு ஆக்சைடும் அந்தப் பெரிய வகுப்பைச் சேர்ந்ததுதான். ஆனால் எங்கேயும் எதையும் கடிக்காத அந்தத் தூளைக் ‘காரம்’ என்று சொல்ல நாக்கு கூசுகிறது.

மூலம் என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு நல்ல காரணம் இருக்கிறது. 1754-இல் பிரெஞ்சு வேதியியலர் ரூவெல், அமிலத்தோடு சேர்ந்து திண்ம உப்புக்கு அடித்தளம் தருகிற பொருள் என்ற கருத்தில்தான் பேஸ் (base, அடி) என்று பெயரிட்டார். ஆவியாகக்கூடிய அமிலம், அதைப் பிடித்து நிறுத்தும் அடி. மூலம் என்பது அந்த ‘அடி’யைச் சரியாகத் தமிழில் தருகிறது, அதுவும் வடசொல்தான் என்றாலும். ஒரு குறை உண்டு: இலங்கை நூல்களில் தனிமத்துக்கு மூலகம் என்று பெயர், மூலக்கூறும் பக்கத்திலேயே நிற்கிறது. மூலம், மூலகம், மூலக்கூறு என மூன்றும் அடுத்தடுத்த வரிகளில் வந்தால் கண் தடுக்கும். இருந்தாலும் காரத்தைக் கடிப்பதற்கு மட்டும் விட்டுவைத்த அந்தப் பிரிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. எரிகாரம் என்பதிலும் ஓர் இடர்ப்பாடு இருக்கிறது. ‘எரி’ என்ற முன்னொட்டு எரிசோடா, எரிபொட்டாஷ் போன்ற கடுமையான அரிப்பான்களுக்கு உரியது. நீர்த்த அம்மோனியாக் கரைசலும் நீரில் கரைந்த காரம்தான், அது அப்படி அரிப்பதில்லை.

அமிலத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ‘அம்ல’ என்ற வடசொல்லுக்குப் புளிப்பு என்று பொருள். லத்தீனிலும் ஆசிட் என்பதன் வேருக்குப் புளிப்பே பொருள். பழைய நூல்களில் கந்தகத் திராவகம் என்று வரும். திராவகம் வெறுமனே நீர்மத்தைக் குறிப்பதால் அது வழக்கொழிந்தது நல்லதுதான். காடி, புளிமம் என்று தமிழாக்கம் செய்தவர்களும் உண்டு; பொருளில் குறையில்லை, பள்ளிக்குள் நுழையவில்லை.

காரத்துக்குத் தனித்தமிழ்ச் சொல் வேண்டும் என்பவர்கள் வெகுதூரம் தேட வேண்டாம். களர் என்ற சொல் இருக்கிறது. வேளாண்மையில் இன்றும் களர் நிலம் வேறு, உவர் நிலம் வேறு. கரையும் உப்புகள் மிகுந்தது உவர். சோடியம் மண்ணில் ஒட்டிக்கொண்டு பிஎச் 8.5-க்கு மேல் ஏறிப்போனது களர். அதைத் திருத்த ஜிப்சம் இடுவார்கள். உப்புக்கும் காரத்துக்கும் உள்ள வேறுபாட்டை நிலத்தில் நின்றே பிரித்துவைத்த சொற்கள் இவை. புறநானூற்றின் 311-ஆம் பாடலில் ஔவையார், துணி வெளுக்கும் பெண் ‘களர்ப்படு கூவல்’ தோண்டி நாள்தோறும் துவைத்த தூய வெள்ளை ஆடையைப் பாடுகிறார். கூவல் என்பது கிணறு. குடிக்க உதவாத அந்த நீர் அழுக்கைக் கடித்து எடுக்கும் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தே அந்த நிலத்தில் தோண்டியிருக்கிறாள்.

தேர்வு எழுதுகிறவர்கள் அவரவர் பாடநூல் சொல்லையே எழுதுங்கள், மதிப்பெண் அதற்குத்தான். நான் சொந்தமாக எழுதும்போது செம்பு ஆக்சைடை மூலம் என்கிறேன், சோடியம் ஹைட்ராக்சைடை மூலம் என்றும் சொல்கிறேன், காரம் என்றும் சொல்கிறேன்.