ஒளிப்படப் பட்டறையில் குரல் கிடைக்குமா?

பட்டறையின் மூன்றாம் நாள் காலையில் பெரிய மேசை ஒன்றைக் காலி செய்துவிட்டு, அவரவர் கொண்டுவந்த பழைய படங்களை அதில் பரப்பச் சொல்வேன். உள்ளங்கை அளவு பிரிண்ட் போதும். நல்லது, கெட்டது என்று பிரிக்கக் கூடாது. கடந்த மூன்று நான்கு ஆண்டுகளில் எடுத்தவற்றிலிருந்து நூறு படங்கள். ஒருமுறை, வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர் மேசை முழுவதும் மலைகளும் அந்தி வானமுமாக அடுக்கினார். நேர்த்தியான படங்கள்தான், ஆனால் எல்லாமே ஏற்கெனவே எங்கோ பார்த்தவை போல இருந்தன. அவற்றுக்கு நடுவே, நூறு என்ற கணக்குக்காகச் சேர்த்ததாக அவரே சொன்ன பதினான்கு படங்கள் இருந்தன. பாதி திறந்த கதவு. யாரோ எழுந்துபோன நாற்காலி. விளக்கு எரியும் ஆளில்லாத அறை. மாடிப்படியின் திருப்பத்தில் தெரியும் ஒரு கை.

"இதையெல்லாம் எதற்காக எடுத்தீர்கள்?" என்று கேட்டேன்.

"தெரியவில்லை சார். கண்ணில் பட்டது, எடுத்தேன்."

சுற்றி நின்ற எல்லோரும் மலைகளை விட்டுவிட்டு அந்தப் பதினான்கு படங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும் பார்க்கவில்லை.

ஐந்து நாள், ஏழு நாள் என்று இப்படிப்பட்ட தீவிரப் பட்டறைகளைப் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். சேர விரும்புகிறவர்கள் எழுதும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: எனக்கென்று ஒரு பாணி வேண்டும். ஏழு நாளில் அதைச் செய்து கையில் கொடுக்க யாராலும் முடியாது. அவர்களிடம் ஏற்கெனவே இருப்பதைக் காட்டத்தான் முடியும். பட்டறைக்கென்று பணமும் விடுப்பும் ஒதுக்கும் முன் இந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பாணி என்றதும் பலருக்கு நிறம்தான் நினைவுக்கு வருகிறது. மங்கலான பச்சை நிழல், தூக்கலான கருப்பு வெள்ளை, விலைக்கு வாங்கிய ப்ரீசெட், அதாவது ஒரே தட்டலில் படத்தின் நிறத்தை மாற்றும் ஆயத்த அமைப்பு. அதில் தப்பில்லை, ஆனால் அதே ப்ரீசெட்டை நாளைக்கு இன்னொருவரும் வாங்கலாம். நான் செய்து பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. உங்கள் படங்கள் பத்தை எடுத்து, நிறத்தை முழுவதும் நீக்கிவிட்டு, வேறு நான்கு பேருடைய படங்களோடு கலந்து, உங்களை நன்றாகத் தெரிந்த நண்பரிடம் கொடுங்கள். அவர் எதை வைத்து உங்கள் படங்களைப் பொறுக்குகிறார் என்று கவனியுங்கள். எவ்வளவு தூரத்தில் நிற்கிறீர்கள், கேமரா எந்த உயரத்தில் இருக்கிறது, ஒரு காரியம் நடக்கும் முன்பு அழுத்துகிறீர்களா, நடந்து முடிந்து ஆட்கள் கலையும்போது அழுத்துகிறீர்களா, எதை ஃப்ரேமுக்கு வெளியே விடுகிறீர்கள், எதை நோக்கித் திரும்பத் திரும்பப் போகிறீர்கள். குரல் என்று நான் சொல்வது இந்தப் பழக்கங்களைத்தான்.

இதில் தூரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இன்னும் கிட்டே போ என்பது ஒளிப்படக்காரர்களுக்குக் காலங்காலமாகச் சொல்லப்படும் அறிவுரை. நானும் சொல்லியிருக்கிறேன். ஒரு பட்டறையில் இளம்பெண் ஒருவர் எல்லாப் படங்களையும் ஐந்தாறு அடி தள்ளி நின்றே எடுத்திருந்தார். கூச்சம் என்று நினைத்து, நெருங்கிப் போகச் சொன்னேன். போனார். வந்த படங்களில் உயிரே இல்லை. பழைய படங்களை மறுபடி எடுத்துப் பார்த்தபோதுதான், அந்த இடைவெளி அவருடைய பேச்சின் ஒரு பகுதி என்று எனக்குப் புரிந்தது. அவர் ஆட்களை அவர்களைச் சுற்றியிருக்கும் காற்றோடு சேர்த்துப் பார்க்கிறவர். அன்று மாலையே அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அதன் பிறகு யாரிடமும் முதல் இரண்டு நாளில் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்வதில்லை.

சரி, பட்டறையில் என்னதான் செய்கிறோம்? முதலில் கதவுகளை அடைக்கிறோம். ஒரே ஒரு லென்ஸ், ஜூம் கிடையாது. 35 அல்லது 50 மி.மீ., எதுவானாலும் கடைசி நாள் வரை அதுதான். ஒரு நாளைக்கு 36 ஃப்ரேம், பழைய ஃபிலிம் ரோலின் கணக்கு. கேமராவின் பின்திரையை டேப் ஒட்டி மூடிவிட வேண்டும். எதையும் அழிக்கக் கூடாது. ஜூம் இருந்தால் கால் நகராமல் விரல் நகரும், அப்போது அவர் எங்கே நிற்க விரும்புகிறார் என்பதே தெரியாமல் போய்விடும். திரை தெரிந்தால் ஒவ்வொரு அழுத்தலுக்கும் பிறகு தலை குனியும், எதிரில் நடப்பது அதற்குள் நடந்து முடிந்திருக்கும். அழிக்கும் வசதி இருந்தால் குரல் எங்கே ஒளிந்திருக்கிறதோ அந்தப் படங்கள்தான் முதலில் போகும்.

இந்தக் கட்டுப்பாடுகள் என் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவில் மிசௌரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 1949-இல் தொடங்கிய ஒளிப்படப் பட்டறை ஆண்டுதோறும் ஏதாவது ஒரு சிறிய ஊரில் ஒரு வாரம் நடக்கும். டிஜிட்டல் வந்த பிறகும் ஒருவருக்கு 400 ஃப்ரேம்தான், அழிக்க அனுமதி இல்லை. அதைவிட எனக்குப் பிடித்த விதி, என்ன கதையை எடுக்கப் போகிறோம் என்பதை ஆசிரியர்களிடம் சொல்லி ஒப்புதல் வாங்கிய பிறகே படம் எடுக்கத் தொடங்க வேண்டும் என்பது. ஒப்புதல் கிடைக்கும் வரை கேமரா சும்மா தொங்கும். யோசிக்க வைக்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இரண்டாம் நாள் மாலை கடினமானது, ஏறக்குறைய எல்லோருக்கும். தெரிந்த வித்தைகள் எல்லாம் முதல் நாளே தீர்ந்துபோயிருக்கும். எதிர்வெளிச்சத்தில் நிழலுருவம், தண்ணீரில் பிரதிபலிப்பு, வயதானவரின் சுருங்கிய முகம். இவற்றை எடுத்து முடித்த பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் தெருவில் நிற்பார்கள். கேமரா சரியில்லை என்பார்கள், வெளிச்சம் சரியில்லை என்பார்கள், ஒருசிலர் என் மேல் கோபப்படுவார்கள். அந்த நேரத்தில் நான் அவசரப்பட்டுத் தேற்றுவதில்லை. மனம் உடைந்துபோகிறவரோடு கேமரா இல்லாமல் ஒரு நடை போய்விட்டு வருவேன், அவ்வளவுதான். வித்தை தீர்ந்த பிறகு எடுக்கும் படம்தான் எங்களுக்கு வேண்டும். அந்த வெறுமையை உபதேசத்தால் நிரப்பிவிட்டால், மறுநாள் அவர் எடுப்பது என்னுடைய படமாக இருக்கும்.

அப்புறம் தேர்வு. பட்டறையின் பாதி நேரம் இதற்கே போகிறது, போகவும் வேண்டும். ராபர்ட் ஃபிராங்க் என்ற ஒளிப்படக்காரர் 1955, 56-இல் காரிலேயே அமெரிக்காவைச் சுற்றி 767 ரோல் ஃபிலிம் எடுத்தார். ஏறத்தாழ 27,000 ஃப்ரேம்கள். அவற்றிலிருந்து ஆயிரம் போல பிரிண்ட் போட்டு, சுவரில் ஒட்டி, தரையில் பரப்பி, மாதக்கணக்கில் குறைத்துக்கொண்டே வந்தார். 1958-இல் பாரிஸில் புத்தகமாக வந்தபோது இருந்தவை 83 படங்கள். அந்த 27,000-இல் இருந்து வேறொருவர் 83 படங்களைப் பொறுக்கியிருந்தால் அது வேறொருவரின் புத்தகமாகியிருக்கும். எடுத்தது ஃபிராங்க்தான் என்றாலும்.

பட்டறையில் நாங்கள் ஒருவரின் நூற்றைம்பது படங்களைப் பன்னிரண்டாகக் குறைக்கிறோம். படத்தின் சொந்தக்காரர் வாய் திறக்கக் கூடாது. அவர் பேசினால், படத்தில் இல்லாததெல்லாம் பேச்சில் வந்து உட்கார்ந்துகொள்ளும். மற்றவர்கள் படங்களை இரண்டிரண்டாகச் சேர்த்து வைப்பார்கள். தனியாக இருக்கும்போது சாதாரணமாகத் தெரிந்த படம் இன்னொன்றின் பக்கத்தில் வந்ததும் பேசத் தொடங்கும். பெரும்பாலும் வெளியேறுவது, கஷ்டப்பட்டு எடுத்த படம். அதிகாலை மூன்று மணிக்கு எழுந்தது, மூன்று மணி நேரம் காத்திருந்தது எல்லாம் எடுத்தவருக்கு நினைவிருக்கும், படத்தில் இருக்காது. அதை மேசையிலிருந்து எடுக்கும்போது கண் கலங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். அதை நான் மதிக்கிறேன். இருந்தும் எடுக்கத்தான் சொல்வேன்.

பட்டறை நடத்துகிறவரைப் பற்றியும் எச்சரிக்கை வேண்டும், என்னையும் சேர்த்தே சொல்கிறேன். தொடக்க ஆண்டுகளில் கடைசி நாள் காட்சிக்கு எல்லோருடைய படங்களையும் நானே வரிசைப்படுத்துவேன். ஒருமுறை பழைய காட்சிகள் நான்கைந்தை ஒரே மூச்சில் ஓடவிட்டுப் பார்த்தேன். ஆறு பேர், எட்டு பேர் எடுத்த படங்கள், எல்லாவற்றிலும் என் தேர்வு, என் தாளம், என் இருட்டு. உதவி என்று நினைத்துக்கொண்டு அவர்களுடைய குரலின் மேல் என் குரலை வைத்து மூடியிருக்கிறேன். அன்றோடு அதை விட்டேன். அலெக்ஸி பிரோடோவிச் என்ற பத்திரிகைக் கலை இயக்குநரின் வகுப்புகளில் படித்தவர்களில் இர்விங் பென், ரிச்சர்ட் அவெடன் என்ற ஒளிப்படக்காரர்கள் இருவரும் உண்டு. பென்னின் படங்களில் அசையாத அமைதி, அவெடனின் ஆட்கள் துள்ளிக் குதிக்கிறார்கள். ஒரே ஆசிரியரிடமிருந்து இரண்டு பேர் இவ்வளவு வேறாக வெளியே வந்தார்கள் என்பதுதான் அந்த ஆசிரியரைப் பற்றி எனக்குச் சொல்கிறது.

ஆகவே ஒரு பட்டறையில் சேரும் முன் ஆசிரியரின் படங்களைப் பார்ப்பதைவிட, அவரிடம் முன்பு படித்த நான்கைந்து பேரின் படங்களைக் கேட்டுப் பாருங்கள். எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் யோசியுங்கள். எத்தனை பேரைச் சேர்க்கிறார்கள் என்று கேளுங்கள். என் அனுபவத்தில் பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் போனால் ஒருவரின் படங்களோடு உட்கார நேரம் இருக்காது. படங்களைப் பார்த்துப் பேச ஒரு நாளில் எத்தனை மணி நேரம் என்றும் கேளுங்கள். எல்லோரையும் ஒரே இடத்துக்கு அழைத்துப் போய், ஒரே மாடலை ஒரே வெளிச்சத்தில் நிறுத்தி எடுக்கவைப்பது சுற்றுலா. அதற்குப் போவதும் தப்பில்லை, அது சுற்றுலா என்று தெரிந்தே போக வேண்டும்.

இன்னொரு விஷயத்தில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். ஐந்து நாளில் ஏதாவது செய்தாக வேண்டும் என்ற நெருக்கடி, அடுத்தவரின் துக்கத்துக்குள் கேமராவோடு நுழைய வைக்கும். முன்பின் தெரியாத ஒருவரின் நோயும் வறுமையும் நம் குரலைத் தேடும் களம் ஆகிவிடக் கூடாது. வேண்டாம் என்று ஒருவர் கையைக் காட்டினால் அங்கே கேமரா இறங்க வேண்டும். கை காட்ட முடியாத நிலையில் இருப்பவரை எடுக்கவே வேண்டாம். இதை முதல் நாளே சொல்லாத பட்டறையில் என் மாணவர்களைச் சேரச் சொல்ல மாட்டேன்.

பட்டறை முடிந்து வீடு திரும்பியதும் இரண்டு வாரம் வேகம் இருக்கும். பிறகு அது வடிந்துவிடும், அதற்காகப் பயப்பட வேண்டாம். அந்தப் பன்னிரண்டு படங்களைச் சுவரில் ஒட்டி வையுங்கள். வாரம் ஒருமுறை, வீட்டுக்குப் பக்கத்திலேயே, ஒரே இடத்துக்கு, அதே லென்ஸோடு போய் வாருங்கள். கூடப் படித்தவர்களில் ஒருவரோடு மாதம் ஒருமுறை படங்களை மாற்றிக்கொள்ளுங்கள். விருப்பக்குறி போடுகிறவர் வேண்டாம், எதை எடுத்துவிடலாம் என்று சொல்லத் தெரிந்தவராக இருக்கட்டும். ஆறு மாதம் பழைய மாதிரியே வருகிறதே என்று தோன்றும். தோன்றட்டும், தொடர்ந்து போங்கள்.

அந்த வங்கிக்காரரிடமிருந்து எட்டு மாதம் கழித்து ஒரு தபால் வந்தது. இருபது பிரிண்ட்டுகள், கடிதம் எதுவும் இல்லை. ஒன்றில்கூடக் கதவு இல்லை, காலி நாற்காலியும் இல்லை, எல்லாவற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். பேருந்துக்காக நிற்கிறவர்கள், தொலைபேசியில் மறுமுனை பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள், தூங்கும் குழந்தையின் அருகே விழித்திருக்கும் ஒரு தாய். அவற்றைப் பழைய பதினான்கின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அப்போது வெளியே போனவர்களுக்காகத்தான் இவர்கள் காத்திருக்கிறார்கள் என்று தோன்றியது.