நாய்க்குப் பச்சை எலும்பு: விழுங்கும் பழக்கத்தை முதலில் மாற்றுங்கள்

தயிர்சாதமும் பாக்கெட் தீவனமும் தின்று வளர்ந்த நாய்க்கு எலும்பை மென்று தின்னும் பழக்கம் இருக்காது. "நாய்தானே, அதுக்குத் தெரியாதா" என்று முதல் நாளே ஒரு கோழி இறக்கையைப் போட்டால், பல நாய்கள் அப்படியே விழுங்கப் பார்க்கும். தொண்டையில் சிக்குவது இப்படித்தான்.

வெந்த எலும்பு எந்த நாய்க்கும் வேண்டாம். வேகும்போது எலும்பிலுள்ள கொலாஜன் கரைந்து, ஈரமும் வற்றிவிடும். பிறகு கடித்தால் கூர்மையான சில்லுகளாக உடையும். பிரியாணி எலும்பு, குழம்பு எலும்பு, தந்தூரி எலும்பு எல்லாம் இதில் சேர்த்திதான்.

பச்சை எலும்பும் எல்லா நாய்க்கும் ஏற்றதல்ல. பால்பல் விழாத குட்டி, பல் ஆடும் கிழநாய், சிறுநீரகக் கோளாறோ கணைய அழற்சியோ உள்ளவை, ஸ்டீராய்டு எடுப்பவை ஆகியவற்றுக்குத் தர வேண்டாம். அமிலம் குறைக்கும் பேன்டோபிரசோல் போன்ற மாத்திரை ஓடும்போதும் தவிர்த்துவிடுங்கள். வயிற்று அமிலம்தான் எலும்பைக் கரைக்கிறது.

எலும்பு வாங்கும் இடத்திலேயே பாதி ஆபத்தைத் தவிர்க்கலாம். குழம்புக்கு வெட்டுவதுபோல் சிறு துண்டுகளாக வெட்ட விடாதீர்கள். கத்தி பட்ட இடம் கூராகிவிடும். துண்டும் மெல்லாமல் விழுங்கும் அளவுக்குச் சிறுத்துவிடும். "வெட்டாம முழுசா குடுங்கண்ணே" என்று கேட்டு பிராய்லர் இறக்கை வாங்குங்கள். பிராய்லர் சுமார் ஆறு வாரத்தில் வெட்டப்படுவதால் எலும்பு இளசாக இருக்கும். முட்டைக்கு வளர்த்துக் கழித்த லேயர் கோழி வேண்டாம். முட்டை ஓட்டுக்கே சுண்ணாம்புச்சத்தைக் கொடுத்துக் கொடுத்து அதன் எலும்பு நொறுங்கும் நிலைக்கு வந்திருக்கும். மாட்டுக் கால் எலும்பு கடைவாய்ப்பல்லைப் பிளந்துவிடும். வளையமாக அறுத்த நல்லி எலும்பு கீழ்த்தாடையில் மாட்டிக்கொண்டால், மயக்க ஊசி போட்டு வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

முதல் வாரம் எலும்பில்லாத பச்சைக் கோழிக்கறியை வழக்கமான சாப்பாட்டில் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். மலம் இளகாமல் சரியாக வந்தால், அடுத்த வாரம் எலும்போடு நைசாக அரைத்த கைமா. அதன் பிறகுதான் முழு இறக்கை. ஒரு முனையை இடுக்கியால் இறுகப் பிடித்துக்கொண்டு, மறுமுனையை நாயின் கடைவாய்ப் பக்கம் நீட்டுங்கள். முன்பல்லால் பிடுங்கப் பார்த்தால் விடாதீர்கள். 'கடக் கடக்' என்று எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்கும்வரை பிடி தளரக் கூடாது. பசி வெறியில் இருக்கும் நாய் விழுங்கத்தான் பார்க்கும். பாதிச் சாப்பாடு போட்ட பிறகு கொடுங்கள். இரண்டு நாய்கள் இருந்தால் தனித்தனி அறை. போட்டி வந்தால் மெல்லாது.

வளர்ந்த நாயின் ஒருநாள் உணவு, உடல் எடையில் 2 முதல் 3 சதவீதம். அதில் எலும்பு சுமார் 10 சதவீதம் போதும். 20 கிலோ நாய்க்கு 500 கிராம் உணவு என்றால் எலும்பு 50 கிராம். இறக்கையில் கிட்டத்தட்ட பாதி எலும்பு என்பதால், 100 கிராம் இறக்கையில் கணக்கு முடிந்துவிடும். மலம் வெள்ளையாகச் சுண்ணாம்புபோல் உதிர்ந்தாலோ நாய் முக்கினாலோ எலும்பு கூடிவிட்டது என்று குறைத்துவிடுங்கள்.

பச்சைக் கோழியில் சால்மோனெல்லா, கேம்பைலோபேக்டர் கிருமிகள் இருக்கலாம். ஃப்ரீசரில் வைத்தாலும் அவை முழுதாகச் சாகாது. மெல்பர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வு, பச்சைக் கோழி தின்னும் நாய்களுக்கு வரும் ஒருவகை நரம்புவாதத்தைக் கேம்பைலோபேக்டரோடு தொடர்புபடுத்தியது. பின்னங்கால் தள்ளாடினால் தாமதிக்காதீர்கள். கைக்குழந்தை, கர்ப்பிணி, கீமோ எடுப்பவர் இருக்கும் வீட்டில் இந்த உணவுமுறையே வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. மற்ற வீடுகளிலும் மிச்சத்தை அரை மணி நேரத்தில் எடுத்துவிட்டு, தட்டையும் தரையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

எலும்பு தின்ற பிறகு விடாமல் எச்சில் ஒழுகுவது, தண்ணீர் குடித்ததும் வெளியே தள்ளுவது, மீண்டும் மீண்டும் வாந்தி, வயிற்றைத் தொட்டால் முனகுவது, மலம் வராமல் முக்குவது: எதைக் கண்டாலும் அன்றே எக்ஸ்ரே எடுக்கும் வசதியுள்ள மருத்துவரிடம் கொண்டுபோங்கள். மீன் முள்ளுக்குச் செய்வதுபோல் சோற்று உருண்டையோ வாழைப்பழமோ திணிக்காதீர்கள். சிக்கியது இன்னும் ஆழமாக இறங்கும். உப்புத்தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்கவைத்தால் உணவுக்குழாய் கிழியலாம்.